எங்க இருக்கேன்னு மட்டும் எழுதாதீங்க

அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான். ஆகவே பிழையும் என்னுடையது.

மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமுதாய மருத்துவம் கற்பிக்கும் என் தோழி, அம்பத்தூரைச் சுற்றியுள்ள ஏரிகளின் ஓரக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தாள். பெண்களின் இரத்தசோகை, இரத்த அழுத்தம், அவர்கள் புழங்கும் தண்ணீர், தொழிற்பேட்டைக் கழிவு கலக்கும் கால்வாய், அதற்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றுக்குள் என்ன உறவு என்பது அவளுடைய கேள்வி. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "நீதான் கவிதை எழுதுறவ, ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுடி" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரி தனியாக நின்றது. உங்கள் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் கருவியால் பதிவுசெய்யப்படும் என்று பொருள். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. 'ஆயத்தொலைவு' என்று போட்டால் கணக்குப் புத்தகம் போல இருக்கிறது, யாருக்குப் புரியும்? முந்தைய வரியோடு அதைச் சேர்த்துவிட்டேன்: "உங்கள் வயது, தொழில், முகவரி உள்ளிட்ட விவரங்கள் பதிவுசெய்யப்படும்." வாக்கியம் வழவழப்பாக வந்தது. தோழி பாராட்டினாள்.

விடுமுறை நாட்களில் களப்பணிக்கும் உடன் போனேன். கேள்விகள் கேட்பது சமூகப்பணி படிக்கும் ஒரு மாணவி, நான் துணைக்கு. 38 வீடுகள் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தன. 39ஆவது வீடு திருமுல்லைவாயில் பக்கம், மாடி வீடு ஒன்றின் பின்னால் தனியாக எடுத்துக் கட்டிய ஒற்றை அறை. அங்கே இருந்தவர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பாயைப் போட்டு உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இரண்டு முறை கரு கலைந்தது, ஒரு முறை தானே யாருக்கும் சொல்லாமல் கலைத்தது, பிரஷர் மாத்திரையைக் காசில்லாமல் நிறுத்தியது, மாதவிடாயில் எத்தனை நாள் எவ்வளவு போகும் என்பது, எல்லாம். சொந்த அக்காவிடம்கூட நான் பேசாதவற்றை அவர் அரை மணி நேரத்தில் எங்களிடம் சொல்லி முடித்தார். இரத்தமும் எடுத்தாயிற்று.

கடைசியில் மாணவி கைபேசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "ஒரு நிமிஷம்க்கா, லொகேஷன் எடுத்துக்கறேன்."

அவர் கையை நீட்டிக் கைபேசியை மறைத்தார். "அது எதுக்கு?"

"உங்க வீடு எங்க இருக்குன்னு ஒரு நம்பர் மாதிரிக்கா. யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுதுல்ல. போன்ல ஏறிடுச்சுன்னா அப்புறம் யாருக்குத் தெரியாது?"

மாணவி படிவத்தை எடுத்துக் காட்டி, இதில் கையெழுத்துப் போட்டீர்களே என்றாள். அவர் வாங்கி, விரலை வைத்து வரிவரியாகத் தேடிப் படித்தார். "இதுல அட்ரஸ்னுதானம்மா போட்டிருக்கு. அட்ரஸ் நான் என்ன சொல்றனோ அதுதான?" பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நான் சொன்னது எல்லாத்தையும் எழுதிக்கோங்க. எங்க இருக்கேன்னு மட்டும் எழுதாதீங்க."

காரணத்தை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கதவின் உட்புறம் இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன. ஒன்று புதியது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அந்தக் கேள்வியையே உருட்டிக்கொண்டிருந்தேன். அட்ரஸ் நான் என்ன சொல்றனோ அதுதான? முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாத வேறுபாட்டை அவர் ஒரு வரியில் பிரித்துக் காட்டிவிட்டார். முகவரி என்பது ஒருத்தி தன் வாயால் சொல்வது. பாதி சொல்லலாம், தப்பாகச் சொல்லலாம், "பிள்ளையார் கோயில் தெருவுல வந்து கேளுங்க" என்று நிறுத்திக்கொள்ளலாம். அட்சரேகை அப்படியல்ல. அதை நாம் சொல்வதில்லை, கருவி எடுத்துக்கொள்கிறது. அம்பத்தூர் ஏறத்தாழ 13.11 வடக்கு, 80.15 கிழக்கு. அந்தச் செயலி தசமத்துக்குப் பின் ஆறு இலக்கங்கள் பதிந்தது. ஆறாவது இலக்கத்தின் அளவு தரையில் 11 சென்டிமீட்டர். கைபேசி அவ்வளவு துல்லியமாக அளப்பதில்லை, சில மீட்டர் முன்பின் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில மீட்டர் போதாதா, ஒரு கதவைக் கண்டுபிடிக்க?

இரத்தத்தின் அளவு, கருக்கலைப்பு, வயது எல்லாம் ஒருத்தியைப் பற்றிய செய்திகள். இடம் அவளிடம் வரும் வழி. அதைத் தெரிந்துகொண்டவர் அங்கே வரவும் முடியும். ஆய்வு அறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டையும் 'தனிப்பட்ட தரவு' என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன், அழகான வாக்கியத்தில்.

பெண்களுக்கு இது புதுக் கேள்வியா என்ன? எங்க போற, எங்க இருக்க, எங்க இருந்து பேசற, அது என்ன சத்தம். என் வகுப்பில் ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லியிலிருந்து வரும் மாணவிகளில் பலரின் கைபேசியில் இருப்பிடப் பகிர்வு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, சிலருக்கு நிச்சயித்த மாப்பிள்ளைக்கு. ஒருத்தி கைபேசியை வகுப்பிலேயே தோழியிடம் கொடுத்துவிட்டுத்தான் திருமுல்லைவாயில் வரை போய்வருவாள். வரைபடத்தில் அவள் கல்லூரியில் இருப்பாள். பாதுகாப்புக்குத்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், பொய்யும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு அண்ணனூர் ஸ்டேஷனில் தனியாக இறங்கும் பெண்ணுக்கு அந்த நீலப் புள்ளி துணைதான். அக்கறையும் காவலும் ஒரே புள்ளியை வைத்துத்தான் வேலை செய்கின்றன என்பதே இதிலுள்ள சிக்கல்.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. அகப்பாட்டில் நிலத்தையும் பொழுதையும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். குறிஞ்சியின் மழை, நெய்தலின் மணல், எந்த மரம், எந்தப் பறவை எல்லாம் சொல்லலாம். ஆனால் காதலிக்கிறவர்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. சொன்னால் அது அகம் இல்லை. இடத்தைச் சொல், ஆளை மறை. நெடுநல்வாடைக்கு நேர்ந்ததை வகுப்பில் எப்போதும் ஒரு இலக்கணச் சிக்கலாகவே நடத்தியிருக்கிறேன். பாட்டு முழுக்க ஓர் அரசியின் தனிமை. அரசனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒன்றை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே இது புறம் என்று முடிவுகட்டினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இன்று தரவு அறம் பேசுகிறவர்கள் நடுங்குவதும் இதற்குத்தான். பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள், ஏதோ ஒரு மூலையில் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்கும். 42 வயது, மூன்று கர்ப்பம், குழந்தை இல்லை, ஏற்றுமதி நிறுவன வேலை, இன்ன தெரு. பெயர் எதற்கு?

பெரிய கணக்கெடுப்புகளை நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு முதல், கணக்கெடுத்த இடங்களின் புவிப்புள்ளிகளும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் தனித்தனி வீட்டுக்கு அல்ல. வீடுகளின் கொத்துக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையும் வேண்டுமென்றே நகர்த்திவிடுகிறார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமப் புள்ளியை 10 கிலோமீட்டர் வரை. எந்தத் திசையில், எவ்வளவு என்பதைக் குலுக்கல்போல இயந்திரம் தீர்மானிக்கும். எங்கள் ஊரில் 2 கிலோமீட்டர் என்பது சுமாராக ஒரு ஸ்டேஷன் தூரம். அம்பத்தூரில் பேசியவள் பட்டரவாக்கத்துக்காரியாகத் தெரிவாள். அறிவியல் தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்லி ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறது என்பதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்டாண்டாக நம் பாட்டிமார், "அவ இங்க இல்லியே, அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று வாசலில் நின்று சொன்னதும் இதுதானே.

என் சிலிர்ப்பைத் தோழி ரசிக்கவில்லை. "என் ஆய்வே ஏரிக்கு எவ்வளவு தூரம்னுதான். 2 கிலோமீட்டர் தள்ளி வெச்சா பாதிப் பேர் ஏரிக்கு நடுவுல குடியிருப்பாங்க" என்றாள்.

அவள் பக்கத்து நியாயம் சின்னதல்ல. போரூரில்தான், ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் சுவாசிக்கும் காற்றைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். 1,285 பெண்கள். காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவாக இருக்கிறது என்று 2018இல் எழுதினார்கள். 4 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி உப்பைவிடவும் குறைவு. அதைக் கண்டுபிடிக்க அத்தனை வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. வானத்திலிருந்து எடுத்த படம் ஊரின் மேல் நிற்கும் புழுதியைக் காட்டும். அடுப்படிக்குள் நிற்கும் புகையைக் காட்டாது. பெண்கள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம், எந்த ஜன்னலுக்கு எதிரே என்பது தெரியாத வரைபடத்தில் அவர்கள் நோய் வெறும் விதியாகிவிடும். "உங்க உடம்பு வாகு அப்படி" என்ற பதிலை ஆஸ்பத்திரி வாசலில் கேட்டுத் திரும்பாத பெண் யார்?

இன்னொரு வரைபடமும் இருக்கிறது. 1990களில் சேலம், தருமபுரி, உசிலம்பட்டி என்றாலே பெண் சிசுக்கொலை என்று பேசப்பட்ட காலம். கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் பச்சைக் குழந்தைகளின் சாவுகளைக் குறித்து வைத்திருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதியிருந்தது. கள்ளிப்பால் என்று எழுத முடியாத கைகள் கண்டுபிடித்த சொல். ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்தப் பதிவேடுகளைச் சேர்த்து ஆராய்ந்து 1997இல் எழுதியபோது, சாவுகள் சிதறிக் கிடக்கவில்லை, மதுரை, திண்டுக்கல், சேலம், தருமபுரி என்று அடுத்தடுத்த ஒன்றியங்களாக ஒரு பட்டை போல நீள்கின்றன என்பது தெரிந்தது.

ஒரு பட்டை தெரிந்தபின் அங்கே போகலாம். யார் போனார்கள்? போலீஸ் போனது, குழந்தையைப் பெற்று மூன்று நாள்கூட ஆகாத தாய்கள் கைதானார்கள், வரதட்சணை கேட்ட வீட்டு ஆண்கள் பெரும்பாலும் வெளியே இருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் போனார்கள். சில ஊர்ப் பெயர்கள் வசவாக மாறின. உசிலம்பட்டியில் பெண்ணெடுத்தேன் என்று சொல்லத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து நின்றது. தருமபுரியில் அதே தகவலை வைத்துக்கொண்டு கலைக்குழுக்களும் போயின. 1990களின் பிற்பகுதியில் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டு, பாட்டுப் பாடி, குற்றவாளியைத் தேடாமல் பேச்சைத் தொடங்கினார்கள். புள்ளிகள் ஒன்றுதான். யார் வந்தார்கள் என்பதில் அந்தப் பெண்களுக்கு எல்லாமே மாறியது. ஆய்வாளர் தன் வேலை வரைபடத்தோடு முடிந்தது என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

(ஆவடிக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். டாங்கி செய்யும் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் உள்ள ஊர். எந்தச் சுவரை யார் படமெடுக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கும். 2021இல் ஒன்றிய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோதும், எவற்றையெல்லாம் குறிக்கக்கூடாது என்பதற்கு ஒரு விலக்குப் பட்டியல் வைக்க இடம் விட்டது. நாட்டுக்கு மறைவிடம் வேண்டும் என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.)

38 வீடுகளுக்குத் திரும்பப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது தோழிக்கு எரிச்சல். அறக்குழு அந்தத் தமிழ்ப் படிவத்தை ஏற்றுக்கொண்டாயிற்று, பெண்கள் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எதற்கு? 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஆராய்ச்சிக்கு விலக்குத் தருகிறது என்றாள். சட்டம் தரும் விலக்கு என் வாக்கியத்தைத் திருத்தாது என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, வா, போலாம்" என்றாள். அவளுடைய இந்தக் குணத்துக்காகத்தான் இருபத்தைந்து வருடமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்து எடுத்துப் போனோம்: "உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கைபேசி குறித்துக்கொள்ளும். அதை வைத்து யாராலும் இந்த இடத்துக்கு வர முடியும். வேண்டாம் என்றாலும் பரிசோதனை உண்டு." அழகில்லாத மூன்று வாக்கியங்கள். பெரும்பாலோர், "அதுக்கென்ன, எடுத்துக்கோங்க" என்றார்கள். நான்கு பேர் அழிக்கச் சொன்னார்கள், அழித்தோம். ஒருவர் கணவரைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றார். அவருடைய இரத்தத்துக்கு அந்த அனுமதி தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஏரிக்கரையை ஒட்டிய குடிசைப் பகுதியில் ஒரு பாட்டி எங்களை மடக்கினார். கொரோனா காலத்தில் வாசலில் தாள் ஒட்டித் தகரம் அடித்த தெரு அது. நிச்சயம் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "புள்ளி வெச்சியா, இல்லியா? எங்க வூட்டுக்கு நல்லா வையி. நாங்க இங்கதான் இருக்கோம்னு எதுலயாவது இருக்கட்டும்" என்றார்.

அவருக்குப் பட்டா இல்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்த இடம் ஏரிப் புறம்போக்கு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இலவசமாகத் தரும் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பாட்டியின் பத்தடிக்குப் பதினைந்தடி வீடுகள் ஏழு அதற்குள் அடங்கிவிடும். பழைய படத்தில் நீலமாக இருந்தது புதிய படத்தில் சாம்பலாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஏரியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அந்தச் சாம்பலை ஆக்கிரமிப்பு என்று குறிப்பார்கள். நானும் ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவள்தான். 2015 டிசம்பரில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் அதைப் போட்டேன். நான் குடியிருக்கும் அடுக்ககமும் முன்பு நீர் நின்ற இடம் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பட்டா இருக்கிறது, அதனால் அது வரைபடத்தில் குடியிருப்பு.

பாட்டியிடம், இந்தப் புள்ளி வீட்டுச் சான்று ஆகாது, ஒருவேளை வேறு யாராவது இதை வைத்தே கணக்கெடுத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்று விளக்கினேன். "அவங்க புள்ளி இல்லாமயே வருவாங்கம்மா. நீங்க புள்ளி வெச்சா நீங்களும் வருவீங்கல்ல?" என்றார்.

வருவோம் என்று சொன்னேன். சொன்னபடி முடிவுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறுவாரம் போனோம். புள்ளிகள் இருந்ததால் மாணவி ஒரு மாலையிலேயே முப்பது வீடுகளைக் கண்டுபிடித்துவிட்டாள். எண் இல்லாத கதவுகள், ஒரே மாதிரி சந்துகள். கைபேசி நேராகக் கொண்டுபோய் விட்டது. அந்தக் கருவியின்மீது எனக்கு மரியாதை வந்த நாள் அது.

39ஆவது சீட்டு என் கைப்பையில் இருந்தது. ஹீமோகுளோபின் 7.6. அந்த அளவு கடுமையான இரத்தசோகை, தள்ளிப்போடக்கூடாது என்று தோழி சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். அவர் கைபேசி எண் தரவில்லை. பின்பக்க அறை பூட்டியிருந்தது. ஷிப்டுக்குப் போயிருக்கலாம், காலி செய்துவிட்டும் போயிருக்கலாம். ஜன்னலில் துணி எதுவும் காயவில்லை. மாடி வீட்டிலும் ஆள் இல்லை. சீட்டைக் கதவிடுக்கில் செருகலாம் என்று குனிந்தேன். அதில் அவர் பெயர் இருந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

தெருமுனைக்கு வந்தேன். எஸ்டேட் வேன்கள் பெண்களை இறக்கிவிடும் இடம் அதுதான். பெட்டிக்கடைக்காரர் நான் இரண்டு முறை போய்வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"யாரைத் தேடுறீங்க, மேடம்?"

பெயரைச் சொன்னால் போதும், வேறு வீடு போயிருந்தால்கூட வழி சொல்லியிருப்பார். நாளைக்கு வேறு யார் வந்து கேட்டாலும் சொல்வார்.

"யாரையும் இல்லங்க" என்று ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு, வேன் வரும் வரை அங்கேயே நின்றேன். மூன்று வேன்கள் வந்தன. இறங்கிய முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு அவர் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.